ஜாபேஸைப் பற்றி ஐந்து வரிகள்

"நாலு பேருகிட்டக் கேட்டேன் சார். நாலு பேரும் நாலு மாப்பிள்ளையச் சொல்றாக" என்று சொல்லிவிட்டு பாலையா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜான்ராஜ் சாருக்கு முகம் விழுந்துவிட்டது. மிஷன் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு இன்ஸ்பெக்ஷனில்கூட அவருடைய பள்ளிக்கூடம் கெட்ட பெயர் வாங்கியது கிடையாது. அதிகாரி என்ன கேட்பார், எந்தப் பிள்ளை எழுந்து பதில் சொல்லும் என்பதெல்லாம் ஒரு வாரம் முன்னதாகவே முடிவாகியிருக்கும்.

இப்போது வரப்போவதும் ஒரு இன்ஸ்பெக்ஷன்தான். போன ஞாயிற்றுக்கிழமை திருச்சுழிக்குப் போய், கம்பவுண்டர் தேவாசீர்வாதத்தின் மகள் ஜெப ஷீலாவை மகன் ஜாபேஸுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். "கலந்து பேசிட்டு எழுதுறோம்" என்றார் கம்பவுண்டர். கலந்து பேசுவது என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒரு சொந்தக்காரர் பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்கு வருவார். டீக்கடையில் உட்காருவார். வாடகைக்கு வீடு தேடுவதுபோல் பேச்சை ஆரம்பித்து, பையன் எப்படி என்று விசாரிப்பார்.

அவர் வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்க்கத்தான் சார் தன் சிநேகிதர் பாலையாவை அனுப்பினார். பாலையாவுக்கு அருப்புக்கோட்டையில் நாலு தறி ஓடுகிறது. பாளையம்பட்டித் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது.

"என்னதான் சொன்னாக? மறைக்காமச் சொல்லு."

"டீக்கடை பால்ச்சாமி, பையனுக்குக் கோர்ட்டுல வேலைங்கிறாரு. எதையோ நிரூபிக்கிறாராம்ல. கீரைக்கார ஒச்சம்மா, கம்ப்யூட்டருக்கு டியூஷன் எடுக்காருங்குது. சர்ச்சுல மணியடிக்கிற கோயில்குட்டி இருக்காரே, ஆண்டவர் உண்டா இல்லையான்னு மெஷினை வச்சு நிரூபிக்கப் போறாருன்னு வருத்தப்படுறாரு."

"நாலாவது யாரு?"

"துணி தேய்க்கிற ஐயாத்துரை. மெஷின் வேலை பாக்குமாம், தம்பி அதைப் பாத்துக்கிட்டிருப்பாராம்."

உள்ளேயிருந்து ஜாபேஸ் சொன்னான்: "ஐயாத்துரை அண்ணன் சொன்னது சரிதான்."

"நீ சும்மா இருலே!" என்றார் சார்.

ஜாபேஸுக்கு இருபத்தாறு வயது. மெட்ராஸில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். மனிதன் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து நிரூபிக்கிற கணிதத் தேற்றங்களைக் கணிப்பொறியே நிரூபிக்கும்படி செய்வது அவனுடைய ஆராய்ச்சி. சில அடிப்படை உண்மைகளைக் கொடுத்துவிட வேண்டும். அவற்றிலிருந்து வேறு என்னென்ன உண்மைகள் வரும் என்பதை மெஷின் தானே தேடிக் கண்டுபிடிக்கும். இதை அவன் தன் தாய் ராஜாத்திக்கு மூன்று வருடமாக விளக்கிக்கொண்டிருந்தான். அவளும் மூன்று வருடமாக, "சாப்பாடு நல்லாருக்காய்யா அங்கன?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருச்சுழியிலும் அந்தப் பேச்சு வந்தது. "மெஷினே நிரூபிச்சிருச்சுன்னா தம்பி என்ன பண்ணுவீக?" என்று கம்பவுண்டர் கேட்டார். ஜாபேஸ் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு மிக்சர் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் மகள்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். கதவோரம் உட்கார்ந்திருந்தவள், தலையை நிமிர்த்தி, "மெஷின் தப்பா நிரூபிச்சிருச்சுன்னா, அது தப்புன்னு யாரு கண்டுபிடிப்பா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. உலகத்தில் ஒரு இருநூறு பேர் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருத்தி திருச்சுழியில் இருக்கிறாள் என்பது ஜாபேஸுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும் காரில், கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் பிரம்மச்சாரியாகவே இருந்துவிடுவது என்று அருப்புக்கோட்டை வருவதற்குள் தீர்மானித்துவிட்டான்.

ஆகையால் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னது அவனுக்கும் கவலையாகத்தான் இருந்தது.

"நானே போயி அவுகளுக்கு விளக்கிச் சொல்லிட்டு வாரேன்ப்பா" என்று கிளம்பினான்.

அன்று மாலை டீக்கடை பெஞ்சில் பால்ச்சாமி, ஒச்சம்மாள், ஐயாத்துரை மூவரையும் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினான். எதிர்மறை நிரூபணம் என்றால் என்ன என்பதை உதாரணத்தோடு சொன்னான். நமக்கு ஒன்று உண்மை என்று காட்ட வேண்டும். அது பொய் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம். போகப் போக எங்கேயாவது முட்டிக்கொள்ளும். அப்படி முட்டிக்கொண்டால், அது உண்மை. மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஜாபேஸுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் பாலையா வேறு சட்டை போட்டுக்கொண்டு இரண்டாம் ஒத்திகைக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"என்னய்யா சொன்னாக?"

"எப்பவுமே பொய்யில இருந்துதான் ஆரம்பிப்பாராம் சார். கடைசியில எங்கயாவது முட்டிக்கிட்டுத்தான் நிப்பாராம்."

ஜான்ராஜ் சார் மகனைப் பார்த்தார். ஜாபேஸ் தரையைப் பார்த்தான்.

"இதுக்குத்தான்லே சொல்றது, தெரியாதவுகளுக்கு விளக்கக்கூடாதுன்னு. மனப்பாடம் பண்ணிவிடணும்."

ஜாபேஸ் அதற்கு இணங்கவில்லை. சாட்சிகளில் எந்த வாக்கியம் எந்த வாக்கியத்தோடு முரண்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், அதை மட்டும் திருத்தினால் போதும் என்றான். அதற்குத்தான் அவன் கையில் கருவியே இருக்கிறதே! தன்னுடைய நிரூபிக்கும் புரோகிராமின் ஒரு சின்னப் பிரதியை ஃபிளாப்பியில் வைத்திருந்தான்.

அருப்புக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் பயிலகத்தில் அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதை ஏசி அறையில் வைத்து, திரை போட்டு, வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதியிருந்தார்கள். ஜாபேஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த குங்குமப் பொட்டைத் துடைக்காமல் வேலையை ஆரம்பித்தான். தெருவில் சொல்லப்பட்ட பதினேழு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தான். ஜாபேஸ் கோர்ட்டில் வேலை செய்கிறான். ஜாபேஸ் வேலையே செய்வதில்லை. ஜாபேஸ் பொய்யிலிருந்து ஆரம்பிப்பான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு வாக்கியங்களை உண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு தர்க்கப்படி எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். ஆடு பறக்கும் என்பதையும் நிரூபிக்கலாம், பறக்காது என்பதையும் நிரூபிக்கலாம். ஜாபேஸுக்கு இது நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஆராய்ச்சிக்காரன் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? "ஜாபேஸ் ஏற்கெனவே திருமணமானவன்" என்று கொடுத்து, நிரூபி என்றான். மெஷின் நாலே விநாடியில் நிரூபித்து, பிரிண்டரில் கர்கர்ரென்று அடித்தும் கொடுத்தது. அவன் சிரித்துக்கொண்டே அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

அந்தச் சட்டையை ராஜாத்தி துவைக்கப் போட்டாள். பையிலிருந்த தாளை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். ஜான்ராஜ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் பாடம் வாசிக்கிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்:

"ஜாபேஸ் ஈஸ் மேரீட். ப்ரூவ்டு."

ராஜாத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மகனே! எந்தச் சிறுக்கிடா அவ?"

"அம்மா, அது கணக்கும்மா!"

"கணக்கு பண்ணித்தான கட்டியிருக்க!"

"கல்யாணமே ஆகலைம்மா. ஆகலைங்கறதையும் அதே மெஷின் நிரூபிக்கும். வேணும்னா அதையும் அடிச்சுக் கொண்டாரேன்."

"ஆச்சு, ஆகலை, ரெண்டையும் நிரூபிக்குமா?" என்றார் சார். "அப்ப அந்த மெஷினை வச்சு நீ என்னத்தடா கிழிக்கிற மூணு வருஷமா?"

இதற்கு ஜாபேஸ் பதில் சொல்வதற்கு முன்னால் வாசலில் யாரோ இருமினார்கள். தேய்த்த துணிகளோடு ஐயாத்துரை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. துணியைக் கொடுத்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. தம்பி மெட்ராஸில் ரகசியமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டதை அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒச்சம்மாள் கீரைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ராஜாத்தியிடம் தனியாகக் கேட்டாள்: "பேரன் பேத்தி ஏதும் உண்டாத்தா?"

அன்றைக்கு ஜான்ராஜ் சார் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐந்தே வரி. எல்லாரும் அதைத்தான் சொல்லணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீ எழுது."

ஜாபேஸ் எழுதினான். எழுதியதை மறுபடி பயிலகத்துக்குக் கொண்டுபோய் மெஷினில் கொடுத்து, ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு வந்தான். ஆராய்ச்சி முடிந்ததும் விரிவுரையாளர் வேலை "கிடைக்கும்" என்று சார் போட்டதை, "கிடைக்கக்கூடும்" என்று மாற்றினால்தான் ஆச்சு என்று அரைமணி நேரம் சண்டை போட்டான். சார் விட்டுக்கொடுத்தார். கடைசியில் வரிகள் இப்படி நின்றன:

ஜாபேஸ் நல்ல பையன். சென்னையில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறான். அதற்கு அரசாங்க உதவித்தொகை பெறுகிறான். ஆராய்ச்சி முடிந்ததும் அவனுக்கு விரிவுரையாளர் வேலை கிடைக்கக்கூடும். அவனுக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை.

ஐந்தாவது வரி, ஒச்சம்மாளின் கேள்விக்குப் பிறகு ராஜாத்தி சேர்க்கச் சொன்னது.

சார் கார்பன் தாள் வைத்துப் பன்னிரண்டு பிரதி எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ராஜாத்தி பார்த்துக்கொண்டாள். அவள் சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கிறவள். நிமிர்ந்து நிற்க வேண்டும், கையைக் கட்ட வேண்டும், முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட வேண்டும். அந்த முறைப்படியே ஒச்சம்மாளையும் ஐயாத்துரையையும் பழக்கினாள். நாலே நாளில் தெரு தயாராகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் ஷீலாவின் தாய்மாமன் ஸ்டீபன் வந்து இறங்கினார். எம்.ரெட்டியபட்டியில் உரக்கடை வைத்திருப்பவர். கையில் மஞ்சள் பை. நேராகப் பால்ச்சாமி கடைக்குப் போனார்.

"ஒரு டீ. சீனி கம்மியா."

பால்ச்சாமி கிளாஸைக் கீழே வைத்தார். நிமிர்ந்து நின்றார். கையைக் கட்டினார். "ஜாபேஸ் நல்ல பையன். சென்னையில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறான். அதற்கு அரசாங்க உதவித்தொகை பெறுகிறான். ஆராய்ச்சி முடிந்ததும் அவனுக்கு விரிவுரையாளர் வேலை கிடைக்கக்கூடும். அவனுக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை."

"நான் டீ கேட்டேன்" என்றார் ஸ்டீபன்.

"இந்தா வருது."

டீயைக் குடித்துவிட்டு ஸ்டீபன் ஐயாத்துரையின் வண்டியண்டை போனார். "இங்கன வாடகைக்கு வீடு ஏதும்..." என்று ஆரம்பித்தார். ஐயாத்துரை இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டினார். கோயில்குட்டியிடம் ஸ்டீபன் வாயே திறக்கவில்லை, வணக்கத்துக்குத் தோத்திரம் மட்டும்தான் சொன்னார். அவரும் ஐந்து வரியையும் சொல்லி, கடைசியில் ஆமென் சேர்த்தார்.

ஒச்சம்மாள்தான் திணறிவிட்டாள். மூன்றாவது வரி வரைக்கும் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னவள், நாலாவதில் நின்றுவிட்டாள். "ஆராய்ச்சி... ஆராய்ச்சி..." என்று வானத்தைப் பார்த்தாள்.

"முடிந்ததும்" என்று எடுத்துக் கொடுத்தார் ஸ்டீபன்.

"ஆங், முடிந்ததும் அவனுக்கு..."

"விரிவுரையாளர் வேலை."

"அதேதான்! கிடைக்கக்கூடும். நல்லா இருப்ப ராசா" என்று சொல்லி ஒரு கட்டு முளைக்கீரையை அவர் பையில் போட்டாள். ஸ்டீபன் அதை வாங்கிக்கொண்டு பதினோரு மணி பஸ்ஸில் போய்விட்டார்.

ஜான்ராஜ் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு தப்பு இல்லைடா! முப்பத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு இன்ஸ்பெக்ஷனை நான் பாத்ததில்லை!" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் பாலையாவுக்கு ஆள் அனுப்பினார்.

ஒரு வாரம் ஆனது. திருச்சுழியிலிருந்து கடிதம் வரவில்லை. இரண்டு வாரம் ஆனது. தபால்காரர் அந்த வீட்டைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார்.

"ரிப்போர்ட் வர நாளாகும்லே" என்றார் சார். ஆனால் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

"வராதுப்பா" என்றான் ஜாபேஸ். "எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னா, எழுதிக் கொடுத்து ஒப்பிக்கிறாகன்னு தெரியாதா அவருக்கு? எனக்கு ஏதோ குறை இருக்கு, அதை மறைக்கிறோம்னுதான் நெனைச்சிருப்பாக. முரண்பாடு இருக்கக்கூடாதுன்னு மட்டும் பாத்தேன். முரண்பாடே இல்லாம எந்த ஊருல ஜனங்க பேசுறாக?"

அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி பகல் அந்த ஒரு கேள்விதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது: அது தப்புன்னு யாரு கண்டுபிடிப்பா? கண்டுபிடித்துவிட்டாளே! இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா? அவனுக்கு லீவு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. திங்கட்கிழமை மெட்ராஸில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அவன் ஐந்து வரித் தாள் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நேரில் போவது, கம்பவுண்டர் முன்னால் இதைப் பிரித்துக் காட்டுவது, நாங்கள்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொள்வது. அதன்பிறகு அடித்தாலும் சரி, விரட்டினாலும் சரி.

"எங்கய்யா போற?" என்றாள் ராஜாத்தி.

"திருச்சுழிக்கும்மா."

"பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ளை தனியாப் போறதா? ஊரு சிரிக்கும்!"

"ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வழி நெடுகக் கரிசல் வெடித்துக் கிடந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பவுண்டரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். பாதியில், தானும் மனப்பாடம்தான் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. நிறுத்திக்கொண்டான்.

திருச்சுழியில் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் தடவை வாடகைக் காரில் வந்ததால் வீடு அடையாளம் தெரியவில்லை. தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கம்பவுண்டர் தேவாசீர்வாதம் வீடு எது?"

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த ஊருய்யா?"

"பாளையம்பட்டி."

சொன்னதுதான் தாமதம், அவள் கைத் தண்ணீரை உதறினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"ஜெப ஷீலா நல்ல பெண். கணிதத்தில் பட்டம் பெற்றவள். தினமும் காலை ஆறு மணிக்கு அருப்புக்கோட்டைக்குப் போய், பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். வீட்டில் மூன்று வேளையும் அவளே சமைக்கிறாள். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கவே மாட்டாள்."

மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாவது வரி பச்சைப் பொய் என்பதற்கு ஜாபேஸே சாட்சி. அவன் தன் சட்டைப் பையில் இருந்த தாளைக் கையால் பொத்திக்கொண்டான்.

"யாரும்மா இதை எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டான்.

"வேற யாரு, ஷீலாதான். இருபத்து நாலு நாளா மனப்பாடமா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், உங்க ஊருலேருந்து ஒரு ஈ காக்கா விசாரிக்க வரலையே. மாப்பிள்ளை வீட்டுல விசாரிக்கட்டும், அப்புறம் எழுதலாம்னு கம்பவுண்டரும் காத்துக் கெடக்காரு. என்னையப் புடிக்கலை போலன்னு அந்தப் புள்ள அழுதுக்கிட்டுக் கெடக்கு. நீ நேரா வீட்டுக்குப் போயிறாதய்யா, அடுத்த கடையிலயும் ஒரு வார்த்தை கேட்டுக்க, அங்கனயும் இதையேதான் சொல்லுவாக!"